தெருவிளக்குக்கு யாரைக் கேட்பது?

தெருமுனையில் விளக்கு எரியவில்லை. லைன்மேனிடம் சொன்னால், "பல்பு பஞ்சாயத்துதான் போடணும்" என்கிறார். ஊராட்சிச் செயலரிடம் போனால், "பல்பு மாத்தியாச்சு, லைன்லயே கரண்ட் வரல, ஈபிக்குச் சொல்லுங்க" என்கிறார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையவை. அதில் மாட்டியிருக்கும் விளக்கும், அதற்கு மாதாமாதம் வரும் மின்கட்டணமும் ஊராட்சியின் பொறுப்பு. ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால் ஊராட்சியைக் கேளுங்கள். வீடுகளிலும் கரண்ட் இல்லாவிட்டால் மின்வாரியம். அதற்கு வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணே போதும். வீடுகளில் கரண்ட் இருந்து தெருவிளக்கு வரிசை மட்டும் இருண்டு கிடந்தால், சுவிட்ச் பெட்டியிலிருந்து தேட ஆரம்பிக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு தரப்பையும் ஒரே நேரத்தில் ஒரே கம்பத்தடிக்கு வரவைக்க வேண்டிய வேலை நமக்கு வந்து சேர்கிறது.

விளக்குக்கே இவ்வளவு என்றால் மற்றவற்றைக் கேட்க வேண்டாம். கிராமத்தில் அரசாங்கம் என்பது ஒரே ஆள் இல்லை. பட்டா, சிட்டா, சாதிச் சான்று என்றால் கிராம நிர்வாக அலுவலர். அவர் வருவாய்த் துறை. ரேஷன் கடை பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கத்தின் கையில். அங்கன்வாடி, பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒவ்வொரு துறை. ஏரியில்கூடப் பங்கு உண்டு: நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் தரும் ஏரி பொதுப்பணித் துறையிடமிருந்து பிரிந்த நீர்வளத் துறையுடையது, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது, குடிக்கவும் குளிக்கவும் உள்ள ஊருணியும் குட்டையும் கிராம ஊராட்சியுடையவை. ஊருக்குள் வரும் தார்ச்சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். அதிலிருந்து பிரிவது ஒன்றியச் சாலை. தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் ஊராட்சிச் சாலை. குழியில் விழுந்தவருக்கு இந்த எல்லைகள் தெரிய வேண்டிய அவசியமில்லை. ஆனால் மனு எழுதுகிறவருக்குத் தெரிந்திருந்தால் மூன்று மாதம் மிச்சம்.

அப்படியானால் ஊராட்சியின் சொந்த வேலை என்ன? தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, அதன் 110 ஆவது பிரிவில் கட்டாயக் கடமைகளைச் சொல்கிறது. ஊராட்சிச் சாலைகளும் சிறு பாலங்களும், குடியிருப்புப் பகுதியில் தெருவிளக்கு, கழிவுநீர் வடிகால், தெருக் கூட்டுதல், குப்பை அகற்றுதல், பொதுக் கழிப்பறை, சுடுகாடு, இடுகாடு, குடிநீர். 111 ஆவது பிரிவில் வருபவை விரும்பினால் செய்யலாம் என்ற வகை: மரம் நடுதல், சந்தை, படிப்பகம், விளையாட்டுத் திடல் போன்றவை. இந்திய அரசியல் சட்டத்தின் 73 ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தபோது, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று 29 துறைகளை 11 ஆவது அட்டவணையில் பட்டியலிட்டது. வேளாண்மை, கல்வி, சுகாதாரம், சிறுதொழில் எல்லாம் அதில் உண்டு. பட்டியல் நீளம், ஆனால் ஒப்படைப்பது மாநில அரசின் கையில் விடப்பட்டது. தமிழ்நாட்டில் நடைமுறையில் கிராம ஊராட்சியின் கைக்கு முழுதாக வந்தவை தண்ணீர், விளக்கு, தெரு, குப்பை. மற்றதில் எல்லாம் அது பரிந்துரைக்கும், தீர்மானம் போடும், காத்திருக்கும்.

இந்த நான்கும் சின்ன வேலைகள் என்று நினைப்பவர்களுக்குத் தண்ணீர்க் கணக்கை மட்டும் போட்டுக் காட்டலாம்.

தொட்டியும் வால்வும்

ஆயிரத்து ஐந்நூறு பேர் உள்ள ஓர் ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் சுமார் 12,500 கிராம ஊராட்சிகளில் இப்படிச் சிறியவை நிறைய. 2019 இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. அப்படியென்றால் ஒரு நாளுக்கு 82,500 லிட்டர். ஊரில் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று இருந்தால் அதை ஏறக்குறைய மூன்று முறை நிரப்ப வேண்டும். ஆழ்துளைக் கிணறு மணிக்கு 8,000 லிட்டர் தந்தால் மோட்டார் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். 7.5 குதிரைத்திறன் மோட்டார் என்றால் ஒரு நாளுக்கு 56 யூனிட், மாதத்துக்கு 1,700 யூனிட்டை நெருங்கும். இது ஒரே ஒரு தொட்டிக்கு. ஊராட்சி என்பது பெரும்பாலும் ஓர் ஊர் இல்லை. தாய்க் கிராமமும் அதைச் சுற்றி நான்கைந்து குக்கிராமங்களும் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கிணறு, தனி மோட்டார், தனி மீட்டர்.

இந்தத் தண்ணீரை நடத்துபவர் தொட்டி இயக்குபவர். ஊரில் அவருக்கு 'டேங்க் ஆபரேட்டர்' என்றுதான் பெயர். விடியற்காலையில் மோட்டாரைப் போடுவது, தொட்டி நிரம்பியதும் நிறுத்துவது, பிறகு வால்வைத் திருப்பித் தெருத் தெருவாகத் தண்ணீர் விடுவது, குழாய் உடைந்தால் தோண்டி அடைப்பது எல்லாம் அவர் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொட்டியைக் கழுவ வேண்டும். கழுவிய தேதியைத் தொட்டியின் தூணிலேயே பெயின்ட்டில் எழுதியிருப்பார்கள். அந்தத் தேதியைப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் 120 கிராம். அதை அப்படியே தொட்டிக்குள் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். மூட்டையைத் திறந்து போட்டுவைத்தால் குளோரின் பறந்துபோய் வெறும் வெள்ளைப் பொடிதான் மிஞ்சும். போட்டது போதுமா என்று அறிய, கடைசிக் குழாயில் பிடித்த தண்ணீரில் சோதனைத் துளி விட்டுப் பார்ப்பார்கள். நீர் மஞ்சளாக மாற வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது அங்கே மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. முதல் குழாயில் பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று எழுதும் சோதனை சோதனையே இல்லை.

கடைசிக் குழாய் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் பீறிட்டு வரும். தூரம் போகப் போக அழுத்தம் குறையும். நடுவில் யாராவது குழாயில் நேரே மோட்டாரை மாட்டி உறிஞ்சினால், அவருக்குப் பின்னால் இருக்கும் தெருவுக்குக் காற்றுதான் வரும். அந்தக் கடைசித் தெரு பல ஊர்களில் தலித் மக்கள் வாழும் தெருவாக இருப்பது தற்செயல் இல்லை. ஊரின் அமைப்பே அப்படி. குழாய் அந்த அமைப்பின் மேல் போடப்பட்டிருக்கிறது. வால்வைத் திருப்பும் வரிசையை மாற்றினால், அதாவது கடைக்கோடிக்கு முதலில் விட்டு, தொட்டியடிக்குக் கடைசியில் விட்டால், ஒரு ரூபாய் செலவில்லாமல் பாதிப் பிரச்சினை தீரும். செலவில்லாத அந்த மாற்றத்துக்குத்தான் ஊரில் அதிக எதிர்ப்பு வரும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. தண்ணீர் வழங்கல் என்பதை வெறும் பொறியியலாகப் பார்க்கிறவர்கள் அந்தத் தொட்டியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சில ஊர்களுக்குத் தண்ணீர் வெளியிலிருந்து வரும். காவிரியிலிருந்தோ தாமிரபரணியிலிருந்தோ எடுத்து நூற்றுக்கணக்கான ஊர்களுக்குத் தரும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துடையவை. வாரியம் ஊர்த் தொட்டி வரை கொண்டுவந்து விடும். அங்கிருந்து வீட்டுக்கு விநியோகிப்பது ஊராட்சி. வாரியத்துக்குக் கட்டணமும் உண்டு. இதிலும் தெருவிளக்குக் கதைதான்: தொட்டிக்குத் தண்ணீர் வராதது ஒருவர் குற்றம், தொட்டியிலிருந்து வராதது இன்னொருவர் குற்றம்.

பணம் வருவதும் போவதும்

ஊராட்சிக்குச் சொந்த வருமானம் என்று வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, குட்டை மீன் குத்தகை, மரம் ஏலம் எனச் சில உண்டு. பேச்சுக்கு, நானூறு வீடுகள், ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 200 ரூபாய் என்று வைத்தால் 80,000 ரூபாய். அதையும் எல்லோரும் கட்டினால்தான். வீட்டு வரியோடு வசூலாகும் நூலக வரி, ரூபாய்க்குப் பத்து காசு, ஊராட்சிக்கு இல்லை. மாவட்ட நூலக ஆணைக் குழுவுக்குப் போய்விடும். தொழில் வரி எவ்வளவு உயர்ந்தாலும் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அரசியல் சட்டமே வரம்பு போட்டிருக்கிறது. ஆலையோ கல்லூரியோ இல்லாத சின்ன ஊரில் தொழில் வரி கட்டுபவர்கள் பள்ளி ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும்தான்.

ஆகவே ஊராட்சி ஓடுவது மானியத்தில். மாநில நிதிக் குழுவின் பரிந்துரைப்படி மாநில அரசு தன் வரி வருவாயிலிருந்து ஒரு பங்கை உள்ளாட்சிகளுக்குத் தருகிறது. சிறிய ஊராட்சி பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காகக் குறைந்தபட்சத் தொகை ஒன்றை வைத்து, மீதியை மக்கள்தொகைப்படி பிரிக்கிறார்கள். அதில் ஒரு பகுதி, மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் என்று தனிக் கணக்கில் ஒதுக்கிவிடப்படுகிறது. ஊராட்சிக்காரர்கள் 'ரெண்டாம் கணக்கு' என்று சொல்வது இதைத்தான். சம்பளம், தெருவிளக்குச் சாமான், குழாய் பழுது, அலுவலகச் செலவு எல்லாம் 'ஒண்ணாம் கணக்கில்' இருந்து. இது தவிர ஒன்றிய அரசின் நிதிக் குழு மானியம். 15 ஆவது நிதிக் குழு 2021-22 முதல் 2025-26 வரைக்கும் வகுத்த ஏற்பாட்டில் இந்தப் பணத்தின் 60 விழுக்காடு கட்டுண்ட நிதி: பாதி குடிநீருக்கு, பாதி தூய்மைப் பணிக்கு. மீதி 40 விழுக்காட்டைத்தான் ஊர் தன் விருப்பப்படி செலவிடலாம், சம்பளம் தவிர.

இந்த இடத்தில்தான் 'ஊராட்சி எதற்கு முன்னுரிமை தருகிறது?' என்ற கேள்வியைப் பொருத்திப் பார்க்க வேண்டும். வருகிற பணத்தில் பெரும்பகுதிக்கு முன்னுரிமை ஏற்கெனவே முடிவாகி விடுகிறது. மின்கட்டணம், சம்பளம், பிளீச்சிங் பவுடர், மோட்டார் ரீவைண்டிங். எரிந்த மோட்டாரை மதுரைக்கோ கோவைக்கோ தூக்கிப் போய்க் காயில் கட்டிக்கொண்டு வரும் செலவு கோடையில் இரண்டு முறை வந்தால் அந்த ஆண்டின் திட்டம் எதுவாக இருந்தாலும் தள்ளிப்போகும். தலைவரும் உறுப்பினர்களும் உண்மையில் தேர்ந்தெடுப்பது ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ வேலைகளைத்தான். 'பஞ்சாயத்துக்கு லட்சம் லட்சமா வருது, என்ன பண்றாங்கன்னே தெரியல' என்று டீக்கடையில் பேசுபவர்கள் இந்தப் பிடித்தம் போகக் கையில் நிற்பதைக் கேட்டால் கொஞ்சம் ஏமாந்துபோவார்கள். அதே சமயம், அந்த இரண்டு மூன்று வேலைகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

மின்கட்டணத்தையே முதல் பிரச்சினையாக எடுத்துக்கொண்ட ஓர் ஊராட்சி உண்டு. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை. 1996 முதல் 2006 வரை தலைவராக இருந்த ஆர். சண்முகத்தின் காலத்தில் குடிநீர்த் திட்டமும் தெருவிளக்குகளும் விரிவடைந்தன. கூடவே மின்கட்டணமும் ஏறியது. முதலில் மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் சின்ன இயந்திரம் ஒன்றை வைத்துக் குடிநீர் மோட்டாரை ஓட்டினார்கள். பிறகு 2006 இல், ஊராட்சியின் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கினார்கள். காற்று வீசுவது உடுமலைப் பக்கம் என்பதால் காற்றாலை நின்றது அங்கே, ஓடந்துறையில் இல்லை. ஊராட்சித் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். இந்தக் கதையை 'ஓர் ஊராட்சி காற்றாலை வாங்கியது' என்ற வியப்போடு நிறுத்திவிடுகிறார்கள். அதைவிட முக்கியமானது, தலைவர் முதலில் பார்த்தது செலவுக் கணக்கில் எந்த வரி வீங்கிக்கொண்டே போகிறது என்பதை. எல்லா ஊரும் காற்றாலை வாங்க முடியாது. ஆனால் 120 தெருவிளக்கில் 40 வாட் குழல் விளக்கை எடுத்துவிட்டு 20 வாட் எல்இடி போட்டால், இரவுக்கு 12 மணி நேரம் என்று பார்க்க, மாதம் 860 யூனிட்டுக்கு மேல் மிச்சம். பகலில் விளக்கை அணைக்க மறப்பதை நிறுத்தினால் இன்னும் மிச்சம். காலை ஒன்பது மணிக்கு எரியும் தெருவிளக்கு ஒவ்வொன்றும் ஊரின் வீட்டு வரியைத்தான் எரிக்கிறது.

கல்வெட்டு வைக்க முடியாத வேலைகள்

புதிய கட்டடம் ஒன்றுக்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, பெயர் பொறித்த கல் உண்டு. பழைய வால்வை மாற்றியதற்கு யாரும் கல் வைப்பதில்லை. கிராமத்துச் செலவுகள் சாய்கிற பக்கம் பெரும்பாலும் இதுதான். சமுதாயக் கூடம், நிழற்குடை, நுழைவு வளைவு என்று வந்துகொண்டே இருக்கும். பெண்கள் சுகாதார வளாகம் என்று கட்டிய கட்டடத்தில் தண்ணீர் இணைப்புக் கெட்டுப்போய், கதவு பெயர்ந்து, விறகு அடுக்கும் இடமாக மாறியிருப்பதை எத்தனை ஊரில் பார்க்கிறோம். கட்டியது ஒரு திட்டம். பராமரிக்கப் பணம் கொடுத்தது எந்தத் திட்டமும் இல்லை. கட்டி முடித்தவுடன் அது ஒண்ணாம் கணக்கின் தலையில் விழுகிறது.

சிமெண்ட் சாலை இன்னொரு உதாரணம். சாலைக்கு இருக்கும் மவுசு வடிகாலுக்கு இல்லை. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே ஆறு அங்குலம் புதிதாகப் போடுகிறார்கள். பத்தாண்டில் இரண்டு முறை இப்படிச் செய்தால் சாலை ஓர் அடி உயர்ந்துவிடும். திண்ணை வைத்த பழைய வீடுகளின் வாசற்படி சாலைக்குக் கீழே போய்விடும். பிறகு ஒவ்வொரு ஐப்பசி மழையிலும் தெருத் தண்ணீர் வீட்டுக்குள். அந்த வீட்டுக்காரர் வாசலில் மேடு கட்டுவார்; தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகும்; அதிலிருந்து சண்டை. என் அபிப்பிராயம் இதுதான்: வடிகால் வரைபடம் இல்லாமல் எந்தத் தெருவுக்கும் சாலை போடத் தீர்மானம் நிறைவேற்றக் கூடாது. வடிகால் கொண்டுபோய்ச் சேர்க்க ஓடை இல்லாத ஊரில் உறிஞ்சு குழி வெட்டலாம். அதற்கு ஆகும் செலவு குறைவு, ஆனால் புகைப்படத்தில் நன்றாக வராது.

குப்பையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சுமார் 150 வீட்டுக்கு ஒரு தூய்மைக் காவலர் என்ற கணக்கில் ஆள் போடப்பட்டு, மூன்று சக்கர வண்டியோடு வீடு வீடாக வருகிறார்கள். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் நாம் பிரித்துக் கொடுத்தால் அவர்களுக்கு வேலை பாதி. மாதம் ஐயாயிரம் ரூபாய் மதிப்பூதியம் வாங்குகிறவர், நாம் ஒன்றாக முடிந்து கொடுத்த நாப்கினையும் சோற்றையும் கையால் பிரிக்கிறார். இதை ஊராட்சியின் குறையாகச் சொல்ல முடியாது.

யார் கையெழுத்து

ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் பணத்தை எடுத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. இருவருக்கும் ஒத்துப்போகாத ஊரில் இதுவே எல்லா வேலையையும் நிறுத்திவிடும் ஆயுதமாகவும் மாறுகிறது. இட ஒதுக்கீட்டில் தலைவரான பெண்ணையோ பட்டியல் சாதியினரையோ பணிய வைக்க, துணைத் தலைவர் பதவியைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்தை இழுத்தடிப்பது தெரிந்த கதை. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதை ஏற்காமல், 1996 முதல் பத்தாண்டுகள் முறையாகத் தேர்தலே நடக்கவில்லை. 2006 இல்தான் நடந்தது.

தேர்தல் நடக்காத காலம் தமிழ்நாடு முழுமைக்கும் வந்திருக்கிறது. 2016 இல் பதவிக்காலம் முடிந்தபின் 2019 டிசம்பர் வரை ஊரக உள்ளாட்சித் தேர்தல் இல்லை. அப்போது 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஐந்தாண்டு 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில் தனியாகத் தேர்தல் நடந்தது. தனி அலுவலர் என்பவர் வட்டார வளர்ச்சி அலுவலகத்தைச் சேர்ந்தவர். பல ஊராட்சிகளை ஒருசேரப் பார்ப்பவர். மோட்டார் எரிந்தால் இரவு பத்து மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. தலைவர் வீட்டைத் தட்டலாம், திட்டலாம், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். ஒன்றிய நிதிக் குழு மானியமும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இருப்பதை நிபந்தனையாக வைக்கிறது. தேர்தலைத் தள்ளிப்போடுவதன் விலையைக் கட்டுவது கடைசியில் குழாயடி.

ஒரு சின்ன நடைமுறைக் குறிப்பு: ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருவர் இருப்பார்கள். ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, மற்றவர் கிராம ஊராட்சிகளுக்கு. உங்கள் தெருப் பிரச்சினைக்கான மனுவில் 'கிராம ஊராட்சிகள்' என்று அடைப்புக்குறிக்குள் எழுத மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அது ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போகவே ஒரு வாரம் ஆகும்.

கிராம சபையில் என்ன கேட்பது

ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் அதன் உறுப்பினர். யாரும் அழைக்க வேண்டியதில்லை. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். இந்த எண்ணிக்கையை நிரப்ப நூறு நாள் வேலைக்காரப் பெண்களை மரத்தடியில் உட்காரவைத்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அரை மணி நேரத்தில் தீர்மானங்களைப் படித்து முடிக்கும் கூட்டங்கள் உண்டு. கிராம சபைக்குச் சட்டம் கொடுத்திருக்கும் அதிகாரம் அரை மணி நேரத்துக்கு உரியதில்லை: ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்தையும் வளர்ச்சித் திட்டத்தையும் அங்கீகரிப்பதும், தணிக்கை அறிக்கையைப் பரிசீலிப்பதும் அதன் வேலை.

நம்மில் பலர் அங்கே போய்ப் பேசிவிட்டு வந்துவிடுகிறோம். பேசியது காற்றோடு போகும். எழுத்தில் கொடுத்து, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா, என்ன வாசகத்தில் ஏறியது என்று அங்கேயே படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். 'தெருவில் குடிநீர்ப் பிரச்சினை பற்றி விவாதிக்கப்பட்டது' என்று எழுதினால் அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'கீழத்தெருவின் கடைசி 14 வீடுகளுக்குத் தண்ணீர் வராததால் தனி வால்வு அமைப்பது, செலவு கட்டுண்ட நிதியிலிருந்து' என்று எழுதினால் அடுத்த கூட்டத்தில் அதைக் காட்டிக் கேட்கலாம். எந்த நிதியிலிருந்து என்று நாமே சொல்லிவிட்டால், 'பணம் இல்லை' என்ற பதிலைச் சொல்லுவது சிரமம். ஊராட்சிக்கு ஒன்றிய அரசின் மானியமாக என்ன வந்தது, எதற்குப் போனது என்பதை இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்து எவரும் பார்க்கலாம். செல்பேசியில் பார்த்துவிட்டு வந்து கேட்கும் ஒரு பிளஸ் டூ மாணவி இருக்கும் ஊரில் கிராம சபை கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது இரண்டாம் கணக்கின் மின்கட்டணப் பதிவேட்டையும், ஒவ்வொரு மீட்டரின் மாத யூனிட்டையும் வாசிக்கச் சொல்லுங்கள். எந்த மோட்டார் தேவைக்கு மேல் ஓடுகிறது, எந்தக் குழாய் கசிகிறது, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகவில்லை என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தப் பதிவேட்டிலிருந்துதான் பேச்சைத் தொடங்க முடியும். போகும்போது உங்கள் வீட்டு வரி ரசீதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி வைத்திருந்தால் முந்தின நாளே கட்டிவிடுங்கள்.